ஒரு சொட்டு, ஒரு மீசை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கொழுந்தன் ஒரு கார் ஷெட்டில் வாயை ஆவென்று திறந்தபடி நின்றான்.

அவனுக்குப் பல்வலி எதுவும் இல்லை. ஷெட்டின் பக்கவாட்டுக் கதவு திறந்து பல் டாக்டரின் மனைவி எட்டிப் பார்த்ததும், டாக்டர் பதறிப்போய் அவன் தாடையைப் பிடித்துவிட்டார். துப்பறிகிறவர்கள் வந்திருப்பது வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

"புது பேஷண்ட். அவசரம்," என்றார்.

"கார் ஷெட்லயா?"

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

ஷெட்டில் இருந்தது அழுக்குப் பிடித்த ஒரே ஒரு பல்பு. மனைவி அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பேஷண்டைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் கைப்பையோடு நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"நீங்க?"

"நான் இவனுக்கு அண்ணி. துணைக்கு வந்தேன். தம்பிக்கு ஊசின்னா பயம்."

அண்ணி என்பது உண்மை. துணைக்கு வந்தவள் என்பது பொய். துணைக்கு வந்தவன் அவன். சலவைக் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அண்ணி. அண்ணன் கப்பலில் சமையல்காரன். புறப்படும்போது, "அண்ணிக்கு ஒத்தாசையா இருடா," என்று சொல்லிவிட்டுப் போனான். கடைக்குப் போய்வரச் சொல்கிறான் என்று நினைத்துக் கொழுந்தனும் தலையாட்டி வைத்தான். அன்றிலிருந்து அவன் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான், நாய்க்குப் பயந்து சுவர் ஏறியிருக்கிறான், ஒரு முறை மணப்பெண்ணின் தோழியாகக்கூட உட்கார்ந்திருக்கிறான். பல்வலி இதுதான் முதல் தடவை.

மனைவி தேநீர்க் கோப்பைகளைப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். டாக்டர் தாடையை விடவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டார்.

"ரெண்டு சொத்தை இருக்கு."

"டாக்டர், இது வேஷம்."

"வேஷம் வேற. சொத்தை வேற."

"கேஸுக்கு வருவோமா?" என்றாள் அண்ணி.

கேஸ் அவர்கள் முன்னால்தான் நின்றது. பழைய கார். வெள்ளையாகப் பிறந்து, வயதான பல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. மூக்கை உள்சுவர்ப் பக்கமாக நீட்டி நின்றது. இன்ஜினுக்குக் கீழே தரையில் ஒரு வெள்ளை அட்டை. அட்டையின் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய்.

டாக்டர் அந்தச் சொட்டைக் கொலை நடந்த இடத்தைக் காட்டுவதுபோல் காட்டினார்.

"தினம் காலையில ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"முதல்ல இருந்து சொல்லுங்க."

"முதல்ல நிஜமாவே ஒழுகிச்சு. நிறைய இடத்துல. என் மச்சான், அதான் சம்சாரத்தோட தம்பி, மெக்கானிக். பெரிய வொர்க்‌ஷாப் வெச்சிருக்கான். நானே சரி பண்றேன்னு சொன்னேன். குடும்பமே உட்கார்ந்திருக்கு. அத்தனை பேர் முன்னாடி அவன் சொல்றான், 'மாமா, வாய்க்குள்ள கை விடுறவங்க இன்ஜினுக்குள்ள கை விடக் கூடாது'ன்னு."

"நீங்க?"

"பந்தயம் கட்டிட்டேன்."

"என்ன பந்தயம்?"

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அவன் வந்து இந்த அட்டையைப் பார்ப்பான். சொட்டு இல்லைன்னா அவன் மீசையை எடுக்கணும். சொட்டு இருந்தா கார் அவனுக்கு. முன்பாதியை மட்டும் அறுத்து வொர்க்‌ஷாப்ல சோபாவாப் போடப் போறானாம்." டாக்டர் காரின் பக்கம் திரும்பினார். "சோபா. மேல உட்கார்ந்து டீ குடிப்பாங்க."

அவர் காரின் முன்மூடியைத் தடவிக்கொடுத்தார். அவர் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய கார். கொழுந்தனுக்கே பாவமாக இருந்தது.

"இதுல நீங்களே என்னவெல்லாம் பண்ணீங்க?"

டாக்டருக்கு உயிர் வந்தது. மூடியைத் தூக்கி நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து தன் ஆஸ்பத்திரி டார்ச்சை எடுத்து இன்ஜின் மேல் அடித்தார்.

"இன்ஜின்னா ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைங்க. நிறைய மூடி. இரும்பும் இரும்பும் சேர்ற இடத்துல நடுவுல பேக்கிங் இருக்கும். பல்லுக்கு ஈறு மாதிரி. வயசானா அது காய்ஞ்சு விறைச்சுப் போகும். அங்கதான் கசியும். மேல்மூடியைக் கழட்டினேன். பழைய பேக்கிங் இரும்போட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னு அடம். பல்லுல படிஞ்ச கறையை எடுக்கிற கருவியாலயே சுரண்டி எடுத்தேன். டூத் பிரஷ்ஷால தேய்ச்சேன். புதுசு வெச்சு, போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினேன். ஒரே பக்கமா முறுக்கினா மூடி வளைஞ்சுடும். அப்புறம் கீழே எண்ணெய் தேங்குற சேம்பர். அதுக்கும் புது பேக்கிங். வடிகால் நட்டுக்குப் புது வாஷர். அப்புறம் ஒரு ஆயில் சீல்."

"வாய் கொப்பளிக்கச் சொன்னீங்களா?" என்றான் கொழுந்தன்.

"கழுவினேன். ரெண்டு தடவை."

இன்ஜின் வெள்ளை வெளேரென்று இருந்தது. கொழுந்தன் விரலால் தொட்டு முகர்ந்தான். ரோஜா வாசனை வந்தது.

"பவுடரா?"

"முகத்துக்குப் போடறது. எங்கேயாவது கசிஞ்சா பவுடர் நனைஞ்சு கோடு விழும். எங்கேன்னு கண்டுபிடிச்சுடலாம்."

கோடு எங்கும் இல்லை. குளிப்பாட்டித் தூங்கவைத்த குழந்தை மாதிரி இருந்தது இன்ஜின்.

"அப்ப கசியலையே," என்றாள் அண்ணி.

"கசியலை. அதான் சொல்றேன்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி அவன் வர்றான். நட்டை லூஸ் பண்றான். ஒரு சொட்டு விடறான். மறுபடி டைட் பண்ணிட்டுப் போறான்."

"பவுடர்?"

"அதையும் அவனே போட்டுட்டுப் போறான்."

"அதே ரோஜா பவுடர்."

"அதுல பாருங்க, எவ்வளவு திட்டம் போட்டு வேலை செய்யறான்!"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஷெட்டின் இரும்புக் கதவைப் பார்த்தாள். பூட்டு கனமானது. சாவி தன் தலையணைக்கடியில் தூங்குவதாக டாக்டர் சொன்னார். ஆனால் மச்சானின் வொர்க்‌ஷாப்பில் உலகத்துப் பூட்டுக்கெல்லாம் சாவி உண்டாம்.

அப்போது டாக்டரின் போன் அடித்தது. திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று நிமிர்ந்து நின்றார். சட்டையைக் கால்சட்டைக்குள் செருகினார். எண்ணெய்க் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறுகையால் போனைக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க அத்தை. ஆமாங்க அத்தை. இல்லைங்க அத்தை. சாப்பிட்டேங்க அத்தை. வெள்ளிக்கிழமைதானே அத்தை, தெரியும் அத்தை. வெச்சுடறேன் அத்தை. நீங்களே வைங்க அத்தை."

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் விறைப்பாகவே நின்றார்.

"மாமியார்," என்றார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருவாங்க."

"வீடியோ காலா?" என்றான் கொழுந்தன்.

"இல்ல."

"அப்ப எதுக்குக் கையை மறைச்சீங்க?"

"அவங்களுக்குத் தெரிஞ்சுடும்," என்றார் டாக்டர்.

அண்ணி குனிந்து அட்டையிலிருந்த சொட்டில் விரலை வைத்தாள். நிமிர்ந்து, விரலைக் கொழுந்தனின் சட்டையில் துடைத்தாள். சட்டை புதிது. வெள்ளை.

"அண்ணி!"

அவள் இன்ஜினிலிருந்து அளவுக்குச்சியை உருவினாள். நுனியில் இருந்த எண்ணெயை இன்னொரு விரலில் தொட்டு, முதல் கறைக்குப் பக்கத்தில் துடைத்தாள்.

"அண்ணி, இது சட்டை. கைக்குட்டை இல்ல."

"பரிசோதனைக் கூடம்," என்றாள் அண்ணி. "கழட்டிடாதே. இன்னைக்கு முழுக்கப் போட்டிரு."

கொழுந்தன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். இரண்டு கறை. ஒன்று பழுப்பு. ஒன்று தண்ணீர் மாதிரி. அதற்கு மேல் அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்காததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் அவன் கற்ற ஒரே வித்தை.

வொர்க்‌ஷாப் இரண்டு தெரு தள்ளி இருந்தது. பெயர்ப் பலகையில் பெயர் இல்லை. இரண்டு ஸ்பேனர்கள், அவற்றுக்கு மேல் ஒரு மீசை. அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் எல்லோரும் டாக்டரின் மச்சானை மீசை என்றே கூப்பிட்டார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் ரேஷன் அட்டைக்குக்கூடத் தெரியாது.

ஒரு லாரிக்கு அடியிலிருந்து முதலில் மீசை வந்தது. பிறகு ஆள் வந்தார். இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டி நீண்டு, நுனியில் மேல்நோக்கிச் சுருண்ட மீசை. அதற்கென்று சட்டைப்பையில் ஒரு சீப்பு. வேறு எதற்கும் அந்தச் சீப்பு பயன்படாது. தலை வழுக்கை.

"மாமா அனுப்பினாரா?" என்றார் மீசை. "நான் ராத்திரி வந்து நட்டை லூஸ் பண்றேன்னு சொல்றாராமே. அக்கா போன்ல சொன்னா."

"பண்றீங்களா?" என்றாள் அண்ணி.

"அம்மா, நான் எதுக்குப் பண்ணணும்? பல்லு புடுங்குறவரு போட்ட பேக்கிங். அதுவே ஒழுகும். நான் போய் அதுக்கு உதவி பண்ணணுமா?"

"ஒரு சொட்டுதான் ஒழுகுது."

"அங்கதான் எனக்கே சந்தேகம்," என்றார் மீசை. "அவர் வேலைக்கு ஒரு குடம் ஒழுகணுமே!"

"மீசை எத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான் கொழுந்தன்.

"முளைச்சதுல இருந்து."

"எடுத்ததே இல்லையா?"

மீசையின் கை தானாக மேலே போய் ஒரு நுனியைப் பிடித்தது. "ஒரே ஒரு தடவை. சின்ன வயசு. விடுங்க அதை." அவர் கண்கள் ஒரு கணம் பயந்த மாதிரி இருந்தன. பிறகு மீசையை நீவிக்கொண்டார். பயம் போய்விட்டது.

"நீங்களே வந்து இன்ஜினைப் பார்க்கலாமே," என்றாள் அண்ணி.

மீசை வந்தார். கையில் டார்ச். டாக்டர் எதிரி நாட்டுத் தூதரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மீசை முன்மூடியைத் தூக்கினார். மேல்மூடியின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக இழுத்தார். விரலைப் பார்த்தார். வெள்ளைப் பவுடர். ஈரம் இல்லை. தரையில் படுத்தார். சேம்பர் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். பவுடர். வடிகால் நட்டைத் தொட்டார். பவுடர்.

வெளியே வந்து உட்கார்ந்தார். மீசையை முறுக்கக் கையைக் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது.

"யாரு டைட் பண்ணது?"

"நான்தான்," என்றார் டாக்டர்.

"குறுக்கும் நெடுக்குமாவா?"

"ஆமா. கொஞ்சம் கொஞ்சமா."

"பழைய பேக்கிங்கை எதால எடுத்தீங்க?"

டாக்டர் பல் சுரண்டும் கருவியைக் காட்டினார். மீசை அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமில்லை. கொடுத்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வர்றேன் மாமா."

"அட்டையில சொட்டு இருக்கே, பார்த்தியா?" என்றார் டாக்டர் ஆத்திரமாக.

"பார்த்தேன்," என்றார் மீசை. அவ்வளவுதான் சொன்னார். வெளிக்கதவுவரை நடந்துபோனவர், வாசலில் நின்று தன் மீசையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெளியூர் போகிறவர் வளர்த்த நாயைத் தடவிக்கொடுப்பதுபோல் இருந்தது.

"குற்றவாளி அண்ணி," என்றான் கொழுந்தன் காதோரமாக. "முகத்தைப் பார்த்தீங்களா? குற்ற உணர்ச்சி வழியுது."

"அது குற்ற உணர்ச்சி இல்ல."

"பின்னே?"

"துக்கம்."

பக்கவாட்டுக் கதவு மறுபடி திறந்தது. டாக்டரின் மனைவி. "பேஷண்டுக்கு இன்னும் வைத்தியம் முடியலையா?"

கொழுந்தன் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

"ஊசி போட்டிருக்காரு. கொஞ்ச நேரம் உட்காரணுமாம்," என்றாள் அண்ணி. "உள்ள உட்காரலாமா?"

அந்தக் கதவு நேராக ஒரு தையல் அறைக்குள் திறந்தது. ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின். சுவர் முழுக்க நூல் கண்டுகள். டாக்டரின் மனைவி வீடுகளுக்குத் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறவள். மெஷினுக்கு மேலே ஒரு பெண்மணியின் புகைப்படம். வாயை இறுக்கி மூடி, மோவாயை உயர்த்தி, அலமாரியில் தூசியைக் கண்டுபிடித்தவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் தன்னையறியாமல் காலரைச் சரி செய்துகொண்டான்.

"எங்க அம்மா," என்றாள் டாக்டரின் மனைவி. "எல்லாரும் இந்த இடத்துல காலரைச் சரி பண்ணுவாங்க."

பிறகு அவள் பார்வை அவன் சட்டையில் நின்றது.

"ஐயோ, புதுச் சட்டை! எப்படிக் கறையாச்சு? வருத்தப்படாதீங்க. இந்தத் தண்ணிக் கறை சோப்பு போட்டா போயிடும். இந்தப் பழுப்புதான் உயிரே போனாலும் போகாது."

"ரொம்ப நன்றிங்க," என்றான் கொழுந்தன், வாயின் ஒரு பக்கத்தால். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டான். அண்ணி மெஷின்மேல் பாதி தைத்துக் கிடந்த உறையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த நீலத் துணி.

"இது சோபா உறைங்களா?"

"ஆமா."

"முன்பக்கம் எதுக்கு ரெண்டு வட்ட ஓட்டை?"

"டிசைன்," என்றாள் டாக்டரின் மனைவி. துணியைக் கொஞ்சம் வேகமாக வாங்கி மடித்தாள்.

"டீ கப் வெக்கலாம்," என்றான் கொழுந்தன் உதவியாக.

அன்று மாலை அண்ணி டாக்டரிடம் இரண்டு காரியம் சொன்னாள். இரண்டும் அவர் மனைவி காய்கறிக் கடைக்குப் போயிருந்தபோது.

முதல் காரியம்: காரை வெளியே எடுத்துத் திருப்பி, பின்பக்கமாக உள்ளே விட வேண்டும். மூக்கு தெருவைப் பார்க்கட்டும். வால் சுவரைப் பார்க்கட்டும்.

இரண்டாவது காரியம்: சொட்டு விழுந்த பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டை போட வேண்டும். அது சுவரோரம், பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கத்தில், பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இன்னொரு புது அட்டை, இரும்புக் கதவோரம், இப்போது இன்ஜின் இருக்கும் இடத்துக்கு அடியில்.

"எதுக்கு?" என்றார் டாக்டர்.

"இன்ஜின் திரும்பியிருக்கிறது காருக்குத் தெரியும். பார்ப்போம், வேற யாருக்குத் தெரியாதுன்னு."

டாக்டருக்குப் புரியவில்லை. கொழுந்தனுக்கும் புரியவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

"ராத்திரி பூரா நான் இங்க காவல் இருக்கவா அண்ணி? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு…"

"வேண்டாம். இந்தக் கேஸ்ல இருக்கிற எண்ணெய் போதும். வீட்டுக்குப் போய்த் தூங்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், டாக்டர் இரும்புக் கதவைத் திறந்தார். முட்டி போட்டு இன்ஜினுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

அட்டை பளிச்சென்று இருந்தது.

"இல்ல," என்றார். "இல்ல! சொட்டு இல்ல!" தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஜெயிச்சுட்டேன். அவன் நேத்து ராத்திரி வரலை!"

"வந்திருக்காங்க," என்றாள் அண்ணி. காரின் வால் பக்கம் நின்றிருந்தாள். "இங்க வாங்க."

சுவரோரம் இருந்த அட்டையின் நடுவில், டிக்கிக்கு நேர் கீழே, ஒரு சொட்டு. அழகான வட்டச் சொட்டு.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"டிக்கியில இருந்தா?" என்றார் டாக்டர். "டிக்கிக்கு நான் பேக்கிங் போடலையே!"

"டிக்கியில என்ன இருக்கு?"

"ஸ்டெப்னி."

"ஸ்டெப்னியில எண்ணெய் ஓடுமா?"

டாக்டர் யோசித்தார். அதற்குள் கொழுந்தனுக்கு விளங்கிவிட்டது. முதல் முறையாக அண்ணி சொல்லாமலே அவனுக்கு ஒன்று விளங்கியது. சந்தோஷத்தில் கத்திவிட்டான்.

"கார் திரும்பி நிக்கிறது தெரியாத ஆள்! விடியறதுக்கு முன்னாடி, இருட்டுல, லைட் போடாம… வெள்ளை அட்டை மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. வழக்கமான இடத்துல வழக்கமான சொட்டு!"

"ஷெட்டுப் பூட்டு?" என்றாள் அண்ணி.

"பூட்டினது பூட்டினபடி. அப்ப…"

மூவரும் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தார்கள். அது அட்டையிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

அண்ணி சொட்டில் விரலை வைத்தாள். கொழுந்தன் தானாகவே நெஞ்சை நீட்டினான். நேற்றைய சட்டையையே துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவளே துவைக்கச் சொல்லியிருந்தாள்.

"உன் சட்டையைப் பாரு. எத்தனை கறை இருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். "ஒண்ணு. பழுப்பு. இன்னொண்ணு போயிடுச்சு."

"இன்ஜின்ல ஓடுற எண்ணெய் துணியில பட்டா போகாது. போறதுக்குன்னே செஞ்ச எண்ணெய் ஒண்ணு இருக்கு. துணி பாழாகக் கூடாதுன்னு. எது போகும், எது போகாதுன்னு ஒருத்தங்க நேத்தே பார்த்த உடனே சொல்லிட்டாங்க. நீ நன்றி வேற சொன்னே."

"தையல் மெஷின் எண்ணெய்," என்றான் கொழுந்தன் மெல்ல.

"அப்புறம் அந்த சோபா உறை. முன்பக்கம் ரெண்டு வட்டம்."

கொழுந்தன் காரின் முன்பக்கம் போய்ப் பார்த்தான். இரண்டு வட்ட ஹெட்லைட் அவனைப் பார்த்தன.

"டீ கப் இல்ல," என்றான்.

"பந்தயத்துல கார் போயிடும்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்கதான் அதுக்கு உறை தைப்பாங்க."

அதற்குள் கதவு திறந்தது. டாக்டரின் மனைவி தேநீர்த் தட்டோடு நின்றாள். கணவனைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். காரின் முகம் தெருப் பக்கம் இருப்பதைப் பார்த்தாள். காலடியில் இருந்த அட்டையைப் பார்த்தாள். தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பல்வலி எப்படி இருக்கு?" என்றாள் கொழுந்தனிடம்.

"போயிடுச்சுங்க," என்றான் அவன் அசடு வழிய.

"நீயா?" என்றார் டாக்டர். "என் கூடவே இருந்துக்கிட்டு? நான் படுத்துப் படுத்து முதுகு போச்சு. பார்த்துக்கிட்டேதானே இருந்தே? தைலம்கூடத் தேய்ச்சு விட்டியே!"

"தேய்ச்சேன். பாவமாத்தான் இருந்துச்சு. நீங்க முதல் தடவை போட்ட பேக்கிங்லயே எல்லாம் நின்னுடுச்சுங்க. அன்னைக்குக் காலையில அட்டையைப் பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு. மெஷின்மேல எண்ணெய் டப்பா இருந்துச்சு. ஒரு சொட்டு விட்டுட்டேன்."

"முதல் தடவையேவா?" டாக்டரின் முகம் கோபத்துக்கும் பெருமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது. பெருமை ஜெயித்தது. "மேல்மூடியிலயேவா நின்னுச்சு? அப்ப அந்த சேம்பர், சீல் எல்லாம்…"

"தேவையே இல்ல."

"ஏன் பண்ணே?"

"உங்களுக்காகத்தான்."

"என் காரை அறுத்து சோபாவாக்குறது எனக்காகவா?"

"கார் போனா போகட்டும். இன்னொண்ணு வாங்கலாம். நானே தைச்சுச் சம்பாதிச்சு வாங்கித் தர்றேன். ஆனா அவன் மீசையை எடுக்கக் கூடாது." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "நீங்க அவனை மீசை இல்லாமப் பார்த்ததில்ல. நாங்க பார்த்திருக்கோம். சின்ன வயசுல ஒரு தடவை எடுத்துட்டு வாசல்ல வந்து நின்னான். அப்பா சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தாரு. அவனைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதிச்சு, எழுந்து நின்னு, இனிமே பிடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாரு."

"பையனைப் பார்த்தா?" என்றான் கொழுந்தன். "ஏன், யாரு மாதிரி இருந்தாரு?"

அவள் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "மணி என்ன?" என்றாள். "அவனுக்குப் போன் போடுங்க. பந்தயம் வாபஸ்னு சொல்லுங்க. உங்களுக்கு ஏற்கெனவே வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையே தாங்கலை. அவன் வொர்க்‌ஷாப் ரெண்டு தெருதான் தள்ளி இருக்கு. தினம் இந்த வழியாத்தான் போவான்."

"வாபஸா? நான் ஜெயிச்சிருக்கேன்!" என்றார் டாக்டர். அவர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டார், வெற்றிக் கோப்பையைத் தூக்குவதுபோல். "வரட்டும் அவன். கண்ணாடியும் ரேஸரும் நானே எடுத்துக் கொடுக்கிறேன்."

"அவர் நேத்தே தெரிஞ்சுக்கிட்டாரு டாக்டர்," என்றாள் அண்ணி. "விரல்ல காய்ஞ்ச பவுடர் ஒட்டினப்பவே. அட்டையில சொட்டு இருந்தும் ஒரு வார்த்தை பேசலை பாருங்க. வேலை தெரிஞ்ச மனுஷன். பந்தயத்துல ஏமாத்த மாட்டாரு. எட்டு மணிவரை காத்திருக்கவும் மாட்டாரு."

டாக்டரின் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

வெளிக்கதவு கிரீச்சிட்டது.

நடைபாதையில் ஒருவர் வந்தார். வழுக்கைத் தலையில் வெயில் படாமல் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். மேலுதடு, பல வருஷம் படம் மாட்டியிருந்து எடுத்த சுவர் மாதிரி, வெளுத்துக் கிடந்தது. பேச்சு வராமல் வாயை இறுக்கி மூடியிருந்தார். அவமானத்தில் தலை குனியக் கூடாது என்று மோவாயை உயர்த்தியிருந்தார். ஷெட்டு வாசலில் நின்று, காரையும், தரையையும், அங்கே கிடந்த எண்ணெய்த் துணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

கொழுந்தனின் கை தானாகவே காலருக்குப் போனது.

டாக்டரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. அவர் நிமிர்ந்தார். சட்டையைக் கால்சட்டைக்குள் செருகினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வாங்க அத்தை," என்றார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே?"